சொந்த வண்டி இல்லாதவருக்கும் காட்டுப்பாதை உண்டு

கேள்வி, 2025 ஜூலை 5

"அண்ணா, எனக்கு 27 வயது. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் பெற்றோருடன் இருக்கிறேன். சேற்றிலும் பாறையிலும் வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை பள்ளி நாள்களிலிருந்தே உண்டு. ஆனால் இங்கே கார் வாங்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டி நிற்கிறது. வாங்கினாலும் ஓட்டுவதற்கு இங்கே ஒரு முழம் மண்பாதை இல்லை. சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இது ஆகாத ஆசை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வண்டி வாங்கும் நாள்வரை காத்திருப்பதா, மறந்துவிடுவதா?"

2025 ஜூலை 6

காத்திருக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். வண்டி வைத்திருக்கும் ஒருவருடைய இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொள்ளுங்கள். இந்த ஈடுபாட்டில் நான் கழித்த ஆண்டுகளில் பெரும்பகுதி பிறர் வண்டிகளில்தான் கழிந்தது. அதை நான் ஒருநாளும் குறையாக எண்ணியதில்லை.

சேற்றுப் பாதையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் தார்ச்சாலை முடியும் இடத்தில் ஒருவர் இறங்கி நான்கு டயர்களிலும் காற்றைக் குறைக்கிறார். முதல் பள்ளம் வந்ததும் ஒருவர் இறங்கி நடந்து, எந்தச் சக்கரம் எந்த மேட்டில் ஏற வேண்டும் என்று பார்த்துவிட்டு, எதிரே நின்று கையசைத்து வண்டியை நகர்த்துகிறார். வண்டி புதைந்தால் ஒருவர் மண்வெட்டி எடுத்துச் சக்கரத்தின் முன்னால் வெட்டுகிறார், மரத்தில் இழுவைப் பட்டையைக் கட்டுகிறார், கயிற்றை இழுத்துச் சென்று மாட்டுகிறார். ஆற்றங்கரையில் ஒருவர் கோலை ஊன்றி ஆழம் பார்க்கிறார். இத்தனை வேலைகளையும் செய்கிறவர் ஓட்டுநர் அல்லர். ஓட்டுநர் செய்வது, சொன்ன இடத்தில் சக்கரத்தை வைப்பதும், சொன்ன நேரத்தில் காலை எடுப்பதும்தான். அதற்கும் திறமை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாதையைக் கடக்கும் அறிவு பெரும்பாலும் வண்டிக்கு வெளியே, முழங்கால்வரை சேற்றோடு நிற்கிறது. அதற்கு உரிமைச் சான்றிதழ் தேவையில்லை.

2025 ஜூலை 6, இரவு

"இங்கே மண்பாதை இல்லை" என்பது உண்மை. லிம் சூ காங் பக்கத்தில் மண்தரை கண்ணில் பட்டால் இறங்கிப் பார்க்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். அங்கே இருப்பது அரசு நிலமாகவோ, பண்ணையாகவோ, ராணுவப் பயிற்சிப் பகுதியாகவோதான் இருக்கும். வண்டி ஓட்டுவதற்கு மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

2025 ஜூலை 9

இடப்பக்க இருக்கையை நான் ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரணம் என் தொழில். கப்பல் பட்டறையில் பளுதூக்கிக்குக் கைச்சைகை காட்டுபவனாக வேலையைத் தொடங்கி, பிறகு தூக்கும் வேலைகளை மேற்பார்வை செய்பவனாக ஆனேன். மேலே அறையில் இருப்பவருக்குக் கீழே இருக்கும் இரும்புத் தகட்டின் விளிம்பு தெரியாது. அவர் தம் கண்ணை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் நெம்புகோலைத் தொடுகிறார். ஜோகூரில் முதன்முறை ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் முன்னால் நின்று கையைத் தூக்கியபோது, இதே வேலையைத்தான் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. செம்பனைத் தோட்டத்து மழையில், காலணிக்குள் அட்டை ஏறியிருந்த அந்தப் பிற்பகலில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் முழுமையாக விளக்க முடியவில்லை.

பட்டறையின் விதிகள் காட்டிலும் அப்படியே செல்லும். சைகை காட்டுபவர் ஒருவர்தான். நான்கு பேர் நான்கு பக்கமும் நின்று கத்தினால் ஓட்டுநர் யாரையும் கேட்க முடியாது. ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும் வண்டி நிற்க வேண்டும், அது அன்றுதான் முதன்முறை வந்த பையனாக இருந்தாலும் சரி. சைகை காட்டுபவர் ஓட்டுநரின் கண்ணில் படாத நொடியில் வண்டி நிற்க வேண்டும். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவிலோ, வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலோ, சரிவில் வண்டிக்குக் கீழேயோ ஒருபோதும் நிற்கக் கூடாது. எதிரெதிரே இருக்கும்போது இடம், வலம் என்று வாயால் சொல்வதும் வேண்டாம். சக்கரம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும்.

2025 ஜூலை 13

காற்றுக் குறைப்பதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐ காற்றழுத்த அளவில் இருக்கும் டயரைச் சேற்றுக்கு 18 முதல் 20 வரை இறக்குவது எங்கள் வழக்கம். டயர் தரையைத் தொடும் பரப்பு அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. அதனால் எடை பரவுகிறது, மண்ணைப் பிடிப்பதற்கு டயர் மேற்பரப்பின் கூடுதல் கட்டைகள் கிடைக்கின்றன, கூரிய கல்லின் மேல் டயர் வெடிக்காமல் வளைந்து கொடுக்கிறது. 15க்குக் கீழே இறக்கினால், சாதாரண விளிம்புள்ள சக்கரத்தில், திருப்பத்தில் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகப் போகவே கூடாது. பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றடிக்க ஒரு கையடக்கக் காற்றழுத்தி வேண்டும். ஒரு நல்ல அழுத்தமானியை இன்றே வாங்கிவிடலாம். அதற்கும் வண்டி தேவையில்லை.

2025 ஜூலை 20

சொந்த வண்டி வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சில ஆண்டுகள் நானும் 1.3 லிட்டர் எஞ்சின் கொண்ட ஒரு பழைய சுஸுகி ஜிம்னியை வைத்திருந்தேன். சட்டகத்தின் மேல் உடல், முன்னும் பின்னும் முழு அச்சு, மெதுவாக, கூடுதல் விசையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியர், ஏறக்குறைய ஒரு டன் எடை. பெரிய வண்டிகள் தம் எடையாலேயே அமிழும் இடத்தில் அது மேலோட்டமாகக் கடந்துவிடும். பிறகு 2018இல் வந்த புதிய ஜிம்னிக்கு முன்பக்கம் இடிக்காமல் ஏறும் அணுகுகோணம் 37 பாகை, பின்பக்கம் இடிக்காமல் இறங்கும் விலகுகோணம் 49 பாகை, தரையிலிருந்து உயரம் 210 மில்லிமீட்டர். மும்மடங்கு விலையுள்ள பல வண்டிகளிடம் இந்தக் கோணங்கள் இல்லை.

சிங்கப்பூரில் பதிவான வண்டியில் நினைத்ததையெல்லாம் மாட்ட முடியாது. பல மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே பெரும்பாலும் இருந்தது, அதுவே எனக்கு நல்ல ஆசிரியராகவும் இருந்தது. வண்டியால் முடியாததைப் பாதையைப் படித்து ஈடுசெய்ய வேண்டியிருந்தது. பத்தாண்டுச் சான்றிதழ் முடிந்தபோது புதுப்பிப்பதற்கான தொகையைக் கணக்குப் பார்த்துவிட்டுப் பதிவை ரத்து செய்தேன். அந்தப் பணத்தில் மகளின் பலதுறைத் தொழிற்கல்லூரிச் செலவு நடந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

2025 ஜூலை 22

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சொந்த வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது ஓட்டுவது அன்று, மறுநாள் வேலை. ஜோகூரின் செம்மண் பிரேக்குக்குள் புகுந்து தகட்டைத் தேய்க்கும். ரேடியேட்டரின் இடுக்குகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆற்றில் இறங்கிய வண்டியின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) எண்ணெயைத் திறந்து பார்த்தால் சில சமயம் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருக்கும். சூடான அச்சுப்பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டியின் மூச்சுக்குழாயை உயரத்துக்கு நீட்டி வைப்பது அதற்காகத்தான். இதையெல்லாம் தம் கையால் கழுவிச் சரிசெய்தவர் மறுமுறை மிதிக்கும்போது கொஞ்சம் மெதுவாக மிதிப்பார்.

எனவே இடப்பக்க இருக்கைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: பயணத்தோடு கைகழுவிவிட்டு வராதீர்கள். மறுநாள் வண்டி கழுவுமிடத்துக்கும் போங்கள். எண்ணெய் மாற்றும்போது அருகில் இருங்கள், செலவில் பங்கு கொடுங்கள். மறுமுறை அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.

2025 ஆகஸ்ட் 2

எல்லை கடப்பது பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூர் வண்டியில் போனால் எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விதி. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிக்குக் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். அங்கே ரோன் 95 வகைப் பெட்ரோலைச் சிங்கப்பூர் வண்டிக்குப் போடக் கூடாது. ரோன் 97 போடலாம். காப்புறுதிப் பத்திரத்தில் மண்பாதை பற்றிய விலக்கு எந்த வரியில் இருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள்.

ஜோகூரில் பதிவான நண்பரின் வண்டியில் போவதானால் பேருந்திலோ நடந்தோ எல்லையைக் கடந்து அங்கே ஏறிக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டியைச் சிங்கப்பூரர் இங்கே ஓட்டி வரக் கூடாது, ஒருநாள் அவசரத்துக்கும் கூடாது. சனிக்கிழமைகளில் விடியுமுன் கடந்துவிடுவது நல்லது.

2025 ஆகஸ்ட் 10

முதல் பயணத்துக்கு எந்தப் பாதை என்று கேட்ட தம்பிக்கு. காஹாங்கிலிருந்து கம்போங் பேத்தாவுக்குப் போகும் வழியைத்தான் சொல்வேன், நல்ல வெயில் காலத்தில், அனுபவமுள்ளவர்களோடு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜோகூர்ப் பக்க வாசல் அந்த ஊர். ஏறக்குறைய 56 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களின் ஊடாகத் தொடங்கிக் காட்டோரமாகப் போகும் மண்வழி. உயரமான பாறைகளோ கயிறு போட்டு ஏறும் மேடுகளோ இல்லை. ஆனால் செம்மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த வழி முழுவதுமாகக் காட்டிவிடும். காய்ந்திருக்கும்போது புழுதியும் அலையலையான மேடுபள்ளமும். அரைமணி மழை பெய்தால் அதே இடத்தில் சோப்புத் தடவியதாக வழுக்கும் மேற்பரப்பு, அதன் கீழே இன்னமும் கெட்டியான தரை. அந்த நேரத்தில் பிரேக்கை மிதிப்பவர் ஓரத்து ஓடைக்குப் போவார். லோ ரேஞ்சில் இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுபவர் நேராக இறங்குவார்.

ஆழமான தடங்களில் ஒன்றைக் கவனியுங்கள். லாரிகள் உண்டாக்கிய தடத்துக்குள் சக்கரங்கள் விழுந்துவிட்டால், ஓட்டுநர் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தடத்தின் வழியே நேராகத்தான் போகும். முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் போகும். தடம் ஆழம் குறையும் இடத்தில் சக்கரத்துக்குத் திடீரென்று பிடிப்புக் கிடைத்து, வண்டி ஒரு பக்கமாகப் பாயும். இடப்பக்கம் இருப்பவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துச் சக்கரம் நேராக இருக்கிறதா என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். இது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் வண்டி கவிழ்வதைத் தடுக்கும் வேலை.

மேட்டில் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்ப முயலக் கூடாது. பின்கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகக் கீழே இறங்க வேண்டும். சரிவில் குறுக்காகத் திரும்பிய வண்டி உருளும்.

அந்த வழியில் யானைச் சாணத்தைப் பார்ப்பீர்கள். இருட்டுமுன் போய்ச் சேர்ந்துவிடுங்கள். காஹாங்கிலேயே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்ட் 11

தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை தனியார் நிலம். நிர்வாகத்திடம் கேட்காமல் நுழையக் கூடாது. பழக்குலை ஏற்றிவரும் லாரிக்கு எப்போதும் வழிவிடுங்கள், அவர்களுக்கு அது சம்பளம்.

ரெங்கம் பக்கத்தில், ரப்பர் தோட்டமாக இருந்த காலத்திலிருந்து டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை, ஜோகூரின் கூலாய் ஊரில் இருக்கும் என் நண்பர் அறிமுகப்படுத்தினார். ஒரு தாழ்வான இடத்தில் எங்களை நிறுத்தி, "தம்பி, கோரை முளைச்சிருக்கிற பக்கம் போகாதீங்க, அடியில தண்ணி நிக்கும்" என்றார். அவர் சொன்ன இடத்தில் கோலை ஊன்றினேன். பாதிக்கோல் உள்ளே போனது. இரண்டு அடி தள்ளி, கோரை இல்லாத இடத்தில் அது இறங்கவே இல்லை. எந்த வண்டியின் மின்னணுச் சாதனமும் அதை எங்களுக்குச் சொல்லியிருக்காது. அன்றிலிருந்து புல்லையும் பூண்டையும் பார்த்து நடக்கிறேன். ஜோகூரின் தோட்டப்புறங்களில் இத்தகைய அறிவோடு வாழ்ந்துகொண்டிருக்கும் நம் பெரியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களோடு தமிழில் பேச முடிகிற நாம், வழியில் வண்டியை நிறுத்தி ஒரு தேநீர் குடித்தாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஆகஸ்ட் 24

கயிறு. இதை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வண்டி புதைந்தவுடன் எல்லாரும் வண்டியில் பொருத்திய கயிறிழுக்கும் எந்திரமான வின்ச்சை நோக்கி ஓடுகிறார்கள். முதலில் ஓட வேண்டியது மண்வெட்டியை நோக்கி. சக்கரத்தின் அச்சுவரை புதைந்த வண்டியை இழுக்க ஏறக்குறைய வண்டியின் எடைக்குச் சமமான விசை வேண்டும். சக்கரத்தின் மேல்மட்டம் வரை புதைந்தால் இரு மடங்கு என்பது மீட்பு வேலையில் வழங்கிவரும் கணக்கு. கால்மணி நேரம் வெட்டினால் அந்தச் சுமை கண்ணெதிரே குறைகிறது. தூக்குவதற்கு முன் தடையை நீக்கு என்று பட்டறையில் புதியவர்களுக்குச் சொல்வோம். இங்கேயும் அதே பாடம்தான்.

பிறகு இணைப்புகள். கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையம்தான் ஷேக்கிள். தாங்கும் எடை பொறிக்கப்படாத ஷேக்கிளை நான் தொடமாட்டேன், யார் கொடுத்தாலும் சரி. நாங்கள் வழக்கமாக எடுத்துச்செல்வது 4.75 டன் என்று பொறித்தது. வண்டியின் பின்னாலுள்ள இழுவைப் பந்தில் கயிற்றை மாட்டவே கூடாது. அது இணைப்பு வண்டியை இழுப்பதற்கு உருவானது, திடீர் இழுப்புக்கு அன்று. அது பிய்த்துக்கொண்டு பறந்து வந்து உயிர்களைப் பறித்த விபத்துகள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. கயிறு இழுபடும்போது அதன் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. நடுவில் கனமான துணியோ பையோ போட்டு வைத்தால் அறுந்த கயிறு துள்ளுவது குறையும்.

கப்பியைப் போட்டுக் கயிற்றை மடக்கினால் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகும், வேகம் பாதியாகும். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மரத்தில் கட்டிய கப்பியில் கயிறு திரும்பி வரும்போது அந்த மரமும் பட்டையும் ஷேக்கிளும் கயிற்றின் விசையைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. நான் ஒரு பயணத்தில் வேலையை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தியதே இதற்காகத்தான். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது தொடையளவு பருமன்கூட இல்லாத மரம். நிறுத்தினார்கள், வேறு மரம் பார்த்தோம், அரைமணி நேரம் கூடுதலாக ஆனது. யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் குழுவோடு இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

வின்ச்சின் திறன் உருளையில் கயிற்றின் முதல் அடுக்குக்குத்தான். உருளையில் கயிறு அடுக்கடுக்காகச் சேரச் சேர இழுவிசை குறையும். ஆகவே அருகிலிருக்கும் மரத்தைவிடத் தொலைவிலிருக்கும் மரம் நல்லது.

2025 ஆகஸ்ட் 26

கயிறு பற்றி எழுதியதை நேற்று மீண்டும் படித்தபோது, பட்டறைப் பழக்கம் அப்படியே செல்லாத ஓர் இடமும் உண்டு என்று சொல்லத் தோன்றியது. பட்டறையில் நீளும் கயிறு எங்களுக்கு எதிரி; தூக்கிய பொருள் துள்ளும். ஆனால் ஒரு வண்டியால் இன்னொரு வண்டியை வெளியே இழுக்கும்போது, 20 விழுக்காடு அளவு நீளக்கூடிய நைலான் கயிறுதான் நல்லது. அது விசையை மெல்லச் சேமித்து மெல்லக் கொடுக்கிறது, சட்டகம் முறியாமல் காக்கிறது. நீளாத பட்டையால் சுண்டி இழுத்தால் கொக்கியே பெயர்ந்துவிடும். மரத்தில் கட்டுவதற்கு மட்டும் நீளாத, அகலமான பட்டை. அகலம் மரப்பட்டையைக் காக்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள், மழையில் அவசரத்தில் எடுக்கும்போது மாறிப்போகும்.

2025 செப்டம்பர் 7

ஆற்றைக் கடப்பது பற்றிக் கேட்டவருக்கு. நடந்து கடக்க முடியாத ஆற்றை வண்டியால் கடக்காதீர்கள். இதுதான் முதலும் முடிவும். முழங்காலுக்கு மேலே ஓடும் நீர் ஆளையே தள்ளிவிடும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு நிறுவனம் சொன்ன ஆழம் 500 மில்லிமீட்டர், புதியதற்கு 900, ஜிம்னிக்கு 300. இவை நின்ற நீருக்கான எண்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் காற்றுக்குழாய் வழியாக எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடும். நடுவில் எஞ்சின் நின்றால் சாவியைத் திருப்பாமல் கயிற்றால் வெளியே இழுங்கள்.

தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை ஒரு மணி நேரம் கழித்து வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், கரையேறிக் காத்திருங்கள். கையில் காலில் புண் இருப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. பயணம் முடிந்து சில நாள்களில் காய்ச்சல் கண்டால் காட்டாற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 21

"சிங்கப்பூருக்கும் இந்த ஈடுபாட்டுக்கும் என்ன சம்பந்தம்" என்ற கேள்வி மீண்டும் வந்திருக்கிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். வண்டிகளின் பெயர்களும் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ். பாலைவனங்களைக் கடந்து, இந்தியாவைக் கடந்து, போர்க்காலத்தில் போடப்பட்டுக் காடு மூடிக்கொண்டிருந்த லீடோ சாலை வழியாகப் பர்மாவுக்குள் இறங்கி, 1956 மார்ச் மாதம் அவர்கள் வந்து சேர்ந்த ஊர் சிங்கப்பூர். லேண்ட் ரோவர் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது 1948இல். எட்டு ஆண்டுகளுக்குள் அது நம் வாசலுக்குத் தரைவழியே வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபர்ட் வண்டி பல ஆண்டுகள் செயின்ட் ஹெலினா தீவில் பாழடைந்து கிடந்து, மீட்கப்பட்டு, 2019 ஆகஸ்டில் இதே சிங்கப்பூரிலிருந்து லண்டனை நோக்கி எதிர்த்திசையில் கிளம்பி, அவ்வாண்டு டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. நிலத்தால் வந்து சேர முடிகிற முனை என்பதால்தான் நம் ஊர் அந்தப் பயணத்தின் எல்லையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த வரலாற்றில் நமக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2025 செப்டம்பர் 22

இதனோடு சேர்த்து இன்னொன்று. மலேசியாவில் 1997இல் லூயிஸ் வீ தொடங்கிய மழைக்காட்டுப் போட்டி, வேண்டுமென்றே ஆண்டின் இறுதியில், பருவமழையின் உச்சத்தில் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அதில் கலந்துகொள்ளும் அணியில் ஓட்டுநர் ஒருவர், துணை ஓட்டுநர் ஒருவர். சேற்றில் கயிற்றோடு ஓடுபவர், மரம் தேர்ந்தெடுப்பவர், வின்ச்சை இயக்குபவர் அந்தத் துணை ஓட்டுநர்தான். கேமல் டிராஃபி என்ற அனைத்துலகக் காட்டுவழிப் போட்டி 1993இல் மலேசியாவின் சபாவுக்கு வந்தபோதும் நாட்டுக்கு இருவர் கொண்ட அணிகள்தான் வந்தன. மாலியாவ் பள்ளத்தாக்கில் அவர்கள் கட்டிக்கொடுத்த ஆய்வு நிலையம் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. உலகின் கடினமான போட்டிகளே இருவரை ஓர் அணி என்று கணக்கிடும்போது, இடப்பக்கம் இருப்பவரைப் பயணி என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2025 அக்டோபர் 5

"காட்டைக் கெடுக்கும் விளையாட்டு" என்று ஒரு வாசகி கடுமையாக எழுதியிருக்கிறார். அவருடைய கோபத்தை மதிக்கிறேன். கெடுப்பவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். நல்ல பாதை இருக்கும்போதே படத்துக்காக ஓடைக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டுவார்கள். எண்ணெய் ஒழுகும் வண்டியை ஆற்றில் நிறுத்திக் கழுவுவார்கள். அவர்களோடு நான் போவதில்லை.

என் மனத்தை அதிகம் உறுத்துவது காட்டைவிடப் பாதையைப் பற்றியது. கம்போங் பேத்தாவில் வாழ்பவர்கள் ஜக்குன் பூர்வகுடியினர். நாம் மழையில் வேடிக்கைக்காக ஆழமாக்கிவிட்டு வரும் தடத்தில்தான் மறுநாள் அவர்களுடைய மோட்டார் சைக்கிள் போக வேண்டும், அரிசி வர வேண்டும், காய்ச்சல்காரக் குழந்தை மருந்தகத்துக்குப் போக வேண்டும். அதனால் எங்கள் குழு ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. மண் ஊறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவோம், விடுப்பு வீணானாலும் சரி. வெட்டிய குழியைத் திரும்பும்போது மூடிவிட்டு வருவோம். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை எழுத்தில் பெறாமல் போவதில்லை.

2025 அக்டோபர் 26

கேள்வி கேட்ட தம்பி சென்ற வாரம் என் கூலாய் நண்பரின் வண்டியில் போய்வந்துவிட்டார். இரண்டாம் முறை போவதற்கு முன் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

வாடகைக்கோ உறவினரிடமோ ஏதாவது ஒரு கார் கிடைக்கும் நாளில், அதே காரில் சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை உணரும் பயிற்சியைச் செய்யலாம். ஆள் நடமாட்டமில்லாத வேளையில், வெறுமையாக இருக்கும் நிறுத்துமிடத்தில், உள்ளங்கை அகல அட்டை ஒன்றைத் தரையில் வைத்து, முன் இடச்சக்கரத்தை அதன் மேல் நிறுத்திப் பாருங்கள். பிறகு பின் இடச்சக்கரத்தை. நண்பர் ஒருவர் வெளியே நின்று கையால் மட்டும் சைகை காட்டட்டும், அடுத்த சுற்றில் இருவரும் இடம் மாறுங்கள். ஓட்டுவதைவிடச் சைகை காட்டுவது கடினம் என்பது அங்கேயே புரிந்துவிடும். ஷேக்கிள் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் கழற்றப் பழகுங்கள். முழுக்க இறுக்கியபின் கால்சுற்றுத் தளர்த்தி வைப்பது மீட்பு வேலையின் வழக்கம், இல்லையென்றால் சுமை ஏறியபின் கழற்ற முடியாது. ஏதாவது ஒரு மழை நாளில் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பக்கம் நடந்து, எந்த மண் காலை வழுக்குகிறது, எந்த மண் பிடிக்கிறது என்று பாருங்கள்.

நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அந்தக் காலத்தில் எண்டாவ் ரொம்பின் பூங்கா மூடப்படுவது வழக்கம், கிழக்கு ஜோகூரின் தாழ்ந்த சாலைகள் வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே மார்ச் மாதம்வரை நாங்கள் போகப்போவதில்லை. அதற்குள் நண்பரின் ஹைலக்ஸில் முன் அச்சின் சீல் மாற்றும் வேலை இருக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு வாசலிலேயே செய்கிறோம். தம்பி, பழைய உடுப்போடு வந்துவிடுங்கள்.